மூலப் பாடலையும் கவர் பதிவையும் அருகருகே வைத்துக் கேட்டு மிக்ஸிங் கற்பது எப்படி?

கேள்வி: சோமனூர்த் தறிவீடு

அனைவருக்கும் வணக்கம். சோமனூரில் எங்கள் வீட்டின் பின்னறையில் இரண்டு ஆண்டுகளாகப் பழைய திரைப்பாடல்களுக்குக் கவர் பதிவு (அதே பாடலை நாமே மறுபடி பாடிப் பதிவது) செய்து வருகிறேன். மடிக்கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்ஃபோன், ஒரு கீபோர்டு ஆகியவைதாம் என்னிடம் உள்ளன. பாடுவது என் தங்கை. நேரில் கேட்கும்போது நிறைவாக இருக்கும் அவள் குரல், என் பதிவில் கேட்டால் வெளிறிப் போய்விடுகிறது.

தறி வேலையை விட்டுவிட்டு மிக்ஸிங் (பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பது) வகுப்புக்குப் போக வழியில்லை. ஆகவே ஒரே பாடலின் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்டே கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். 1964-இல் ‘படகோட்டி’ படத்துக்காக விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய ‘தொட்டால் பூ மலரும்’ பாடலையும், நாற்பது ஆண்டுகள் கழித்து 2004-இல் ‘நியூ’ படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் இசையில் ஹரிஹரனும் ஹரிணியும் பாடிய அதே பாடலையும் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதாக என் தங்கை பாடிய எங்கள் பதிவு. மூன்றையும் மாற்றி மாற்றி ஒரு மாதம் கேட்டுவிட்டேன். வேறுபாடு தெரிகிறது, ஆனால் அது எதனால் வந்தது என்று எழுதி வைக்க முயன்றால் நோட்டில் ‘அது கனமாக இருக்கிறது, இது மெலிவாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எதுவும் எழுத முடியவில்லை.

நான் கேட்க விரும்புவது இவைதாம். ஒப்பிடும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? இரு காதுக்கும் ஒரே ஒலி வரும் 1964-ஆம் ஆண்டு மோனோ பதிவை, இடது வலது என்று பிரிந்து ஒலிக்கும் இன்றைய ஸ்டீரியோ பதிவோடு ஒப்பிடுவது முறையா? மூன்றின் சத்த அளவையும் எப்படிச் சமப்படுத்துவது? குரலையும் இசைக்கருவிகளையும் தனித்தனியே பிரித்துத் தரும் மென்பொருள்களை இதற்கு நம்பலாமா?

பதில்: காந்திபுரம் ஒலிப்பதிவாளர்

சத்த அளவு பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரிசெய்யாமல் வேறு எதை ஒப்பிட்டாலும் காது நம்மை ஏமாற்றிவிடும். ஒரே பதிவை இரண்டு முறை ஒலிக்கவிட்டு, இரண்டாம் முறை ஒரு டெசிபல் மட்டும் உயர்த்திப் பாருங்கள். கேட்பவர் சத்தம் கூடியிருக்கிறது என்று சொல்லமாட்டார், இரண்டாவது தெளிவாக இருக்கிறது என்றுதான் சொல்வார். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிநாதமும் மிக உயர்ந்த ஒலிகளும் மங்கலாகவே கேட்கின்றன, சத்தம் கூடக்கூட அவை இரண்டும் மேலெழுந்து வருகின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். ஆகவே நீங்கள் எழுதிய ‘கனம்’, ‘மெலிவு’ என்ற சொற்களில் ஒரு பங்கு வெறும் சத்த வேறுபாடாகவே இருக்கலாம்.

ரீப்பரில் எல்.யூ.எஃப்.எஸ் அளவை, அதாவது காது உணரும் சத்தத்தின் அளவை, காட்டும் அளவி இருக்கிறது. பாடல் முழுவதையும் அளக்காமல், மூன்று பதிவுகளிலும் ஒரே வரி வரும் இருபது நொடிகளை மட்டும் வெட்டியெடுத்து அளந்து, எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதன் அளவுக்கு மற்ற இரண்டையும் இறக்குங்கள். உங்கள் பதிவை மேலே ஏற்ற முயன்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டு வேறொரு குறை சேர்ந்துகொள்ளும். இன்னொன்றை மிகவும் கவனமாகப் பாருங்கள், ஏனெனில் என்னிடம் பயில வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில் இதில்தான் தடுமாறினார்கள்: மூலப் பாடலை இட்ட டிராக் (ஒலித்தடம்), எல்லாத் தடங்களும் கடைசியாகச் சேரும் உங்கள் மாஸ்டரில் உள்ள ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), லிமிட்டர் (உச்சங்களை அடக்குவது) வழியாகப் போகக் கூடாது. அது நேராக இன்டர்ஃபேஸுக்குப் போகும்படி வழியை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது மூலப் பாடலை அல்ல, உங்கள் லிமிட்டர் பிழிந்த மூலப் பாடலை.

மோனோவை ஸ்டீரியோவோடு ஒப்பிடலாம், ஆனால் ஒரு சோதனை செய்துவிட்டு ஒப்பிடுங்கள். 1964 பதிவின் இடது, வலது பக்கங்களைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரித்து, ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்கி (ஒலியலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்), இரண்டையும் நடுவில் வைத்து ஒன்றாக ஒலிக்கவிடுங்கள். உண்மையான மோனோவாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நிசப்தம் மட்டுமே மிஞ்சும், அல்லது பழைய நாடாவிலிருந்து எடுத்தபோது இரு பக்கங்களுக்கும் நேர்ந்த சிறு வேறுபாட்டால் மெல்லிய இரைச்சல் கேட்கும். எதிரொலி பரவிக் கேட்டால், பின்னாளில் யாரோ அதற்குச் செயற்கையாக அகலம் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள், அந்தப் பிரதியை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். பிறகு இதே சோதனையை 2004 பதிவுக்கும் செய்யுங்கள். நடுவில் வைக்கப்பட்டவை எல்லாம் அழிந்து, ஓரங்களில் வைக்கப்பட்டவையும் அகலமாகப் பரவும் எதிரொலியும் மட்டும் எஞ்சும். நடுவில் எது, ஓரத்தில் எது என்று அந்தப் பதிவைச் செய்தவர்கள் எடுத்த முடிவு முழுவதும் ஐந்து நிமிடத்தில் உங்கள் காதில் விழும். அதன்பின் உங்கள் பதிவுக்கும் செய்து பாருங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றாலும் பாடல் முழுவதும் மிஞ்சுகிறது என்றாலும் அடுத்து எங்கே கைவைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

சுருதியையும் சரிபாருங்கள். பழைய நாடாவையோ இசைத்தட்டையோ கணினிக்கு மாற்றும்போது வேகம் மூன்று விழுக்காடு பிசகினாலே, கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி அளவு சுருதி நகர்ந்துவிடும். அப்போது குரலின் நிறமும் மாறித் தெரியும், அதை மைக்கின் குணம் என்று தவறாக எடுத்துக்கொள்வோம்.

பதில்: பொள்ளாச்சி மெல்லிசைக் குழு

தம்பி, காந்திபுரத்து நண்பர் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் அவர் சொன்னவை எல்லாம் மைக்குக்குப் பின்னால் நடப்பவை. நான் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கோயில் நோம்பி (திருவிழா) மேடைகளில் கீபோர்டு வாசித்து வருகிறேன். பதிவில் கேட்ட பாடலை அப்படியே மேடைக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் தொழில் என்பதால், மூலத்தையும் நகலையும் ஒப்பிடாத நாள் எனக்கு இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் மிக்ஸிங் குறை என்று நினைப்பதில் பெரும்பகுதி இசையமைப்பில், அதாவது எந்தக் கருவி எந்த ஸ்தாயியில் எப்போது வாசிக்கிறது என்பதில், இருக்கக்கூடும்.

ஒரு நோம்பியில் வயலின்காரர்கள் இருவரும் வரமுடியாமல் போனதால், அவர்கள் பகுதியையும் சேர்த்து நானே இரண்டு கைகளாலும் ஸ்ட்ரிங்ஸ் வாசித்தேன். பாடிய பெண்மணி இரண்டாவது பாட்டிலேயே என் பக்கம் திரும்பி, தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று சைகை காட்டினார். சவுண்ட் சர்வீஸ்காரர் குரலை உயர்த்தினார், ஸ்பீக்கர் வீரிட்டது. மறுபடி இறக்கினார், குரல் மறைந்தது. நான் இடது கையை எடுத்துவிட்டு, வலது கையை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோனேன். மிக்ஸரில் யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் குரல் கண்ணாடிபோல முன்னால் வந்து நின்றது. நான் அதுவரை அவர் பாடும் அதே ஸ்தாயியில் நான்கு விரல்களை ஊன்றிக்கொண்டு அவர் இடத்தையே அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

ஆகவே நோட்டில் ‘கனம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, நான்கு தாளச் சுற்றுக்கு ஒரு வரி என்று பிரித்து, அந்த நான்கு சுற்றில் யார் வாசிக்கிறார், எந்த ஸ்தாயியில் வாசிக்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று எழுதுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பழைய மெல்லிசைப் பாடல்கள் பலவற்றில் பாடகர் பாடும்போது பின்னணி மிகவும் சிக்கனமாக இருக்கும், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் குழலோ வயலினோ நுழைந்து பதில் சொல்லிவிட்டு விலகிவிடும். வீட்டுப் பதிவுகளில் நாம் முதல் நொடியில் அழுத்திய பேட் ஒலியை (கீபோர்டில் பின்னணியாக நீண்டு நிற்கும் ஒலி) கடைசி நொடிவரை விடுவதே இல்லை.

இந்தக் கணக்கு நன்றாகப் புரிய வெளிநாட்டுப் பாடல் இணை ஒன்றையும் கேளுங்கள். பாப் டிலன் 1967 டிசம்பரில் வெளியிட்ட ஆல்பத்தில் ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ என்ற பாடலை ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிக்கா, பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு மட்டும் பாடியிருக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968 ஜனவரியில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் அதே பாடலை நான்கு டிராக் கருவியில் தொடங்கி, பிறகு நியூயார்க்கில் கூடுதல் டிராக்குகளில் அடுக்கு அடுக்காக வளர்த்தார். இரண்டிலும் மூன்றே கார்டுகள்தாம் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) சுற்றிச்சுற்றி வருகின்றன. ஹென்ட்ரிக்ஸ் பதிவில் அடியில் அகூஸ்டிக் கிட்டார் தாளத்தைத் தாங்க, மேலே மின்கிட்டார் பேசுகிறது. நடுவில் வரும் நீண்ட தனி வாசிப்பு நான்கு பகுதிகளாக, ஒவ்வொன்றும் வேறு வேறு நாதத்தில் அமைந்திருக்கிறது. கார்டுகள் மாறாத பாட்டில் கேட்பவரின் கவனத்தை நிறுத்த அவர் நிறத்தை மாற்றிக்கொண்டே போகிறார். டிலனோ அதே வேலையைச் சொல்லாலும் ஹார்மோனிக்காவாலும் செய்துவிடுகிறார். இந்த இணையை ஒரு வாரம் கேட்டால், எதைச் சேர்ப்பது என்பதோடு எதற்காகச் சேர்ப்பது என்பதும் பிடிபடும். அதிர்வெண் வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது கிடைக்காது.

பதில்: காந்திபுரம் ஒலிப்பதிவாளர்

இசையமைப்பு பற்றி அண்ணன் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன், வரிசைப்படி அதுவே முதலில் வரவேண்டும். வரைபடம் பற்றி மட்டும் சிறு மறுப்பு உண்டு. கேள்வி கேட்டவரிடம் இருப்பது ஒரு ஹெட்ஃபோன் மட்டுமே. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை எல்லா ஹெட்ஃபோன்களும் உண்மையாகச் சொல்லிவிடுவதில்லை. அந்தப் பகுதிக்கு மட்டுமாவது மூன்று பதிவுகளின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பதில்: கோபி களப்பதிவு

நான் கோபி, அந்தியூர்ப் பக்கங்களில் உடுக்கடிப் பாட்டுக் கலைஞர்களையும் வள்ளி கும்மிக் குழுக்களையும் பதிவு செய்து வருகிறேன். பாடும் இடத்துக்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவள் என்பதால், இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். அது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம்.

நம் கோவையிலேயே பட்சிராஜா ஸ்டுடியோவில் 1954-இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்த காலம் முதல் நீங்கள் எடுத்துக்கொண்ட 1964 வரை, திரைப்பாடல் என்றால் ஒரே ஒரு ஒலித்தடம்தான். இடம் வலம் என்று பரப்பி வைக்க வழியில்லாதபோது, ஒரு கருவியை முன்னால் கொண்டுவரவும் பின்னால் தள்ளவும் மைக்கிலிருந்து அது இருக்கும் தூரமே பெரிய கருவியாக இருந்தது. அதனால்தான் மோனோ பதிவிலும் யார் அருகில், யார் தொலைவில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது. என் அனுபவத்தில் ஆழத்தைக் கற்க மோனோவைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. ஸ்டீரியோவில் அகலம் நம் கவனத்தை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

உங்கள் தங்கையை ஒரே வரியை மூன்று முறை பாடச் சொல்லுங்கள். முதலில் மைக்கிலிருந்து 15 சென்டிமீட்டர், பிறகு 30, பிறகு 60. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே 60 சென்டிமீட்டரில் குரலோடு அறையும் சேர்ந்து பாடும். மறுபக்கம், ஒரு திசையை மட்டும் கேட்கும் வகை மைக்கில் மிக அருகே போனால் குரலின் அடிப்பகுதி பருத்துவிடும். மூன்றையும் காந்திபுரத்து அண்ணன் சொன்ன முறையில் சத்தம் சமப்படுத்தி, 1964 பதிவுக்கும் 2004 பதிவுக்கும் நடுவில் வைத்துக் கேளுங்கள். எந்தப் பதிவின் குரல் உங்கள் எந்தத் தூரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று எழுதினால், நோட்டில் முதல் முறையாக ஓர் எண் வந்துவிடும்.

எதிரொலியைக் குரல் ஓடும்போது கேட்டு அளக்க வராது. ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வால் எவ்வளவு நேரம் நீள்கிறது, மங்கலாக மறைகிறதா பளிச்சென்று மறைகிறதா என்று கேளுங்கள். பழைய ஒலிக்கூடங்களில் எதிரொலிக்கென்றே தனியறை வைத்திருந்தார்கள். 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து எதிரொலி உண்டாக்கும் கருவியைக் கொண்டுவந்தது. உங்கள் மென்பொருளில் ‘சேம்பர்’, ‘பிளேட்’ என்று இருப்பவை இவற்றின் நகல்கள்தாம். ‘ஹால்’ என்பதை மட்டுமே எப்போதும் அழுத்தாமல் இவற்றையும் முயன்று பாருங்கள்.

பிரித்துத் தரும் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டீசர் நிறுவனம் 2019-இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் வந்தபிறகு இது எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. பேஸ் என்ன வாசிக்கிறது, இரண்டாவது குரல் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துங்கள், பொள்ளாச்சி அண்ணன் சொன்ன பட்டியலை எழுதப் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் பிரித்தெடுத்த குரலின் நாதத்தை வைத்து ஈக்யூவையோ கம்ப்ரஷனையோ (சத்தமான இடங்களை இறக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) முடிவு செய்யாதீர்கள். பிரிக்கும்போது குரலின் ஒரு பகுதி மற்றத் தடங்களுக்குக் கசிந்து, எஞ்சியது தண்ணீருக்குள் பாடுவதுபோல ஆகிவிடும்.

கடைசியாக, உங்கள் ஊரில் பதிவுக்குள் புகக்கூடிய தறிச் சத்தம். அடித்தளத்து அதிர்வை 80 ஹெர்ட்ஸில் வெட்டிவிடலாம், ஆனால் தறியின் நாடா (ஊடை நூலைக் கொண்டுசெல்லும் ஓடம்) போய் அடிக்கும் சத்தம் எல்லா அதிர்வெண்களிலும் பரவி நிற்பதால் அதை எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று முன்கூட்டி அறிவித்து மின்சாரம் நிறுத்தும் நாளைப் பாருங்கள். அன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது. மடிக்கணினியும், அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் இன்டர்ஃபேஸும் பேட்டரியில் இரண்டு மணி நேரமாவது தாங்கும். திருப்பூர்ப் பனியன் கட்டிங் வேஸ்ட் இரண்டு மூட்டை வாங்கி, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் மூலைகளில் அடுக்குங்கள். பளிச்சிடும் எதிரொலி அடங்கும். அடிநாதத்துக்கு அது போதாது, 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 3.4 மீட்டர் இருக்கிறது. ஆனால் பெண் குரலுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

மறுமொழி: சோமனூர்த் தறிவீடு

மூவருக்கும் நன்றி. எழுதிய ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டுப் பதில் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

சத்தத்தை அளந்தபோது எங்கள் பதிவு 2004 பதிவைவிட 7 டெசிபல் குறைவாக இருந்தது. அதோடு மூலப் பாடல்கள் இரண்டும் என் மாஸ்டர் லிமிட்டர் வழியாகவே ஒரு மாதமாக ஒலித்துக்கொண்டிருந்தன என்பதையும் கண்டேன். இரண்டையும் திருத்தியதும் வெளிறல் பாதி போய்விட்டது. ஆனால் துருவத்தைத் தலைகீழாக்கிய சோதனையில் என் பதிவின் பேட் ஒலி முழுவதும் ஓரங்களில் அப்படியே மிஞ்சியது. அதைத் தனியாகக் கேட்டபோதுதான், அது பல்லவி முழுக்கத் தங்கையின் ஸ்தாயியிலேயே நிற்பது தெரிந்தது. பொள்ளாச்சி அண்ணன் மேடையில் செய்ததை நான் அறைக்குள் செய்திருக்கிறேன். பல்லவியில் அதை எடுத்துவிட்டு, வரிகளுக்கு இடையில் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே இரண்டு ஸ்வரங்கள் வைத்தேன். தங்கையிடம் எதுவும் சொல்லாமல் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். குரலை மறுபடி பாடவைத்து மாற்றிவிட்டாயா என்று கேட்டாள். குரல் டிராக்கை நான் தொடவே இல்லை.

சென்ற வாரம் மின்நிறுத்த நாளில் காலை பத்து மணிக்கு அமர்ந்து மூன்று தூரங்களிலும் பாடவைத்தோம். ஊரே அத்தனை அமைதியாக இருந்ததை நான் அதற்குமுன் கவனித்ததில்லை. தங்கை வரிக்குமுன் மூச்சு வாங்குவது பதிவில் கேட்டது, முன்பு அது தறிச் சத்தத்தில் கரைந்துவிடும். என் காதுக்கு 1964 பதிவின் குரல் எங்கள் 30 சென்டிமீட்டருக்கும் 60-க்கும் நடுவிலும், 2004 பதிவின் குரல் 15-க்குப் பக்கத்திலும் நிற்பதுபோல் படுகிறது. நோட்டில் அந்த எண்களை எழுதிவிட்டேன்.

கோபி அக்காவிடம் ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. பல்லவிக்கு 30 சென்டிமீட்டர் நன்றாக அமைகிறது, ஆனால் சரணத்தில் அவள் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் மைக்கை அறைகிறது. அங்கே மட்டும் கம்ப்ரஷன் கூட்டுவதா, தூரத்தை மாற்றுவதா?

பதில்: கோபி களப்பதிவு

தூரத்தை மாற்றுங்கள். கும்மி பாடும் பெண்கள் உச்சத்துக்குப் போகும்போது யாரும் சொல்லாமலே தலையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். உங்கள் தங்கையும் மேலே ஏறும் வரியில் முகத்தை அதே அளவு பின்னுக்கு எடுத்து, சற்றே ஓரமாகத் திருப்பிப் பாடிப் பழகட்டும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடுகள் போட்டுவைத்தால் முதல் சில நாட்களுக்கு உதவியாக இருக்கும். அப்படிப் பதிந்த குரலுக்கு இரண்டு மூன்று டெசிபல் இறங்கும் அளவு கம்ப்ரஷன் போதும். அடுத்த மின்நிறுத்த நாளில் சரணத்தை முதலில் எடுத்துவிடுங்கள், பேட்டரி தீரும் நேரத்தில் மேல் ஸ்தாயியை வைத்துக்கொள்ள வேண்டாம்.